சாப்பிடுகிற கையின் நகங்கள்

என் மகளின் வலது கை நகங்களை நான் வெட்டினேன். அவள் குழந்தையாக இருந்தபோது அல்ல. அவளுக்கு அப்போது இருபத்தோரு வயது. வேண்டாம் என்று சொன்னாள். அதற்குப் பிறகும் வெட்டினேன். செய்தது தவறு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் முப்பது வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன்.

தகப்பன் மகளின் நகத்தை வெட்டியது ஒரு குற்றமா என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். விரல்களால் மீட்டிக் கிடார் வாசிக்கிறவர்களுக்குத் தோன்றாது. அவர்களுடைய இடது கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும். கம்பியை அழுத்துகிற கை அது. வலது கை நகங்கள் விரல் நுனியைத் தாண்டி ஓர் அரிசி கனத்துக்கு வளர்ந்திருக்க வேண்டும். கம்பியை மீட்டுவது அந்த நகம்தான். எங்கள் வீட்டு வழக்கம் இதற்கு நேர் எதிர். இடது கைச் சுண்டுவிரலில் நகம் வளர்த்துக்கொண்டு திரிந்த ஆண்கள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வலது கை அப்படியல்ல, அது சாப்பிடுகிற கை. அதில் நகம் இருந்தால் சோறு புகும், குழம்பு புகும், எதிரில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சாப்பாடு இறங்காது.

என் தாத்தா காலத்தில் பெங்களூருக்கு வந்தது எங்கள் குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை. நான் செயலகத்தில் இருந்தேன். சான்றிதழ் நகல்களைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களுக்கு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'உண்மை நகல்' என்று முத்திரை போட்டுப் பச்சை மையில் கையெழுத்திடுவேன். ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் இருந்தவர்கள் அந்தக் கையெழுத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

மகள் கடைசி வருடம் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு படித்த விவேக் நகர்ப் பெண் ஒருத்தி கிடார் வாசிப்பாள். அவளிடம் பஸ்ஸில் போய்ப் போய் இவளும் கற்றுக்கொண்டாள். அந்தப் பெண் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது தன் கிடாரை இவளுக்கே கொடுத்துவிட்டாள். இவள் தானாகவே ஒரு மெட்டு அமைத்திருந்தாள். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை, விரல்கள் மட்டும். கல்லூரி விழாவில் அதை மேடையில் வாசிப்பதாக இருந்தது. விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மாலை, பெண் பார்க்க வருவதாக ஒரு வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நகவெட்டியை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடுங்கப்பா," என்றாள். "திங்கக்கிழமை நானே வெட்டிக்கறேன். சாயங்காலம் கையை மூடி வெச்சுக்கறேன்."

"காபி குடுக்கும்போது எப்படி மூடிக்குவே? சாப்பிடற கையில நகம் வளக்கறவன்னு பேசிக்கமாட்டாங்க?"

என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அவளுடைய கவலை வேறு. "ஏங்க, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நகம் வெட்டற நாளா இது? வீட்டுக்கு ஆகாதுங்க."

"நாளைக்கு வெட்டி யாருக்குக் காட்றது?" என்றேன்.

மகள் கையை நீட்டினாள். ஐந்து விரலுக்கும் வெட்டினேன். சின்னச் சின்னச் சத்தம்தான். கட்டைவிரல் நகம் கெட்டியாக இருந்ததால் அதற்கு மட்டும் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

மாலையில் வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மறுநாள் நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது வீட்டில் கிடார் இல்லை. அடுத்த வீட்டில் ஒரு ரயில்வே குமாஸ்தா இருந்தார், ஆர்மோனியம் வைத்துக்கொண்டு பஜனைப் பாட்டுப் பாடுவார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளாம். அவரே வந்து கேட்டார்: "என்ன சார், பாப்பா கிடாரக் கொண்டாந்து வெச்சுட்டு, இது உங்களோடதுதான் அங்கிள்னு சொல்லிட்டுப் போறா? எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதே!" நகத்தை வெட்டின கோபத்தில் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், வீட்டை விட்டு ஒரு தொந்தரவு போயிற்று என்றுகூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் விழாவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் கிடாரைத் தொட்டதில்லை.

அன்று பார்க்க வந்தவர்தான் என் மாப்பிள்ளை. நல்ல மனிதர். பொம்மனஹள்ளியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். மகள் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். பேத்தி வெளியூரில் படிக்கிறாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை எப்போதும் இருந்தது, பண்டிகைக்கு வருவாள், மாத்திரை வாங்கினீர்களா என்று கேட்பாள். எதுவும் நடக்காதது போலத்தான் இருந்தோம்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கண் தெளிகிற வரைக்கும் பிளேடு, நகவெட்டி எதையும் தொடக் கூடாது என்று மனைவி பறித்து வைத்துவிட்டாள். ஒரு நாள் காலையில் காபிக்காகக் காத்திருந்தபோது, வெறும் டம்ளரின் விளிம்பில் விரல்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டினேன். வளர்ந்திருந்த நகம் பட்டுக் கணீரென்று ஒரு சத்தம் வந்தது. சதை பட்டால் அந்தச் சத்தம் வராது. மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன். அந்த மேசையிலேயே எனக்கு விளங்கியது, நான் அன்றைக்கு எதை வெட்டினேன் என்று.

அன்று மாலையே மகளுக்கு ஃபோன் செய்தேன். "அன்னிக்கு ஒரு நாள் உன் நகத்த வெட்டினேனே..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன நகம்ப்பா? கால் நகமா? புண்ணாயிடுச்சா? சுகர் பாத்தீங்களா?"

சுகர் சரியாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாயால் கேட்க முடியாத மன்னிப்பை வேறு எப்படிக் கேட்பது என்று பல நாள் யோசித்தேன். அவள் மேடையில் வாசிக்க முடியாமல் போன அந்த மெட்டு எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. தினமும் மாலையில் நான் ஆபீசிலிருந்து வந்து உட்காரும்போது வாசித்துக்கொண்டிருப்பாள். அதைக் கற்றுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். அப்போது எனக்கு எழுபத்து நான்கு வயது. சங்கீதம் என்று ஒன்றும் தெரியாது.

மகள் கற்றுக்கொண்ட இடமாயிற்றே என்று விவேக் நகருக்கே பஸ் ஏறினேன். கிறிஸ்தவக் கோயில் தெருவில் மெழுகுவத்தி விற்கிறவரிடம் விசாரித்தேன். ஒரு பேக்கரியின் மாடியைக் காட்டினார். அங்கே ஓர் அம்மாள் கிடார் வகுப்பு நடத்தினார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வாசிக்கிறவர்.

"யாருக்கு கிளாஸ் சார்? பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "ஏன் சார், வீட்ல ஏதாச்சும் சண்டையா?"

"இல்லம்மா."

"சும்னே கேட்டேன். ரிட்டயர்டு ஆளுங்க வந்தா பாதிப் பேர் அதுக்குத்தான் வராங்க. கைய நீட்டுங்க."

இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது கை நகங்களைப் பார்த்துவிட்டு, "இது பர்வாகில்ல, இப்படியே வளக்கணும். இடது கையில சுத்தமா வெட்டிட்டு வாங்க. வலது கையில ஓரத்த மெல்லிசான உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. வெட்டக் கூடாது, தேய்க்கத்தான் செய்யணும்," என்றார்.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் ஒரு வேடிக்கைப் பொருளானேன். வயதானவர்களின் நகம் எளிதில் பிளந்துபோகும். காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவுவேன், உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்ப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் ரசம் சாதம் நகத்துக்குள் புகுந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் மஞ்சள் போகாது. நான்காவது நாள் மனைவி தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்தாள்.

"பொண்ணுக்கு அன்னிக்கு இதக் குடுக்கத் தோணலயே நமக்கு," என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது அது கிண்டலாக இல்லை.

கிடாரில் ஆறு கம்பிகள். தடித்த மூன்று கம்பிகளும் கட்டைவிரலுக்கு. மெல்லிய மூன்றும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் ஆளுக்கொன்று. சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. கட்டைவிரல் இரண்டு தடித்த கம்பிகளுக்கு இடையே கடிகாரம் மாதிரி போய்வந்துகொண்டே இருக்க வேண்டும், எது நடந்தாலும் நிற்கக் கூடாது. மற்ற மூன்று விரல்களும் அதன் இடைவெளிகளில் புகுந்து மெட்டை எடுக்க வேண்டும். கேட்பதற்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. எனக்குக் கட்டைவிரல் மட்டும் தனியாகப் போய்வரவே ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்தது இன்னும் பெரிய கஷ்டம். மற்ற விரல்களைச் சேர்த்ததும், ஐந்து விரலும் தாமாகவே ஒன்றாகக் குவிந்துவிடும். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்ப்பார்.

"சார், மறுபடியும் சாதம் பெசையறீங்க."

"எங்கம்மா பெசையறேன்?"

"பாருங்க உங்க கைய. இப்ப ஒரு உருண்டை உருட்டி வாயில போட்டுக்கலாம். எழுபது வருஷமா அந்தக் கை ஒரே வேலைதான் செஞ்சிருக்கு. அதுக்குக் கம்பியும் சோறும் ஒண்ணா தெரியுது. விரல் ஒவ்வொண்ணும் தனித்தனி ஆளு சார். ஒருத்தன் போற எடத்துக்கு எல்லாரும் கூட்டமா போகக் கூடாது."

அவர் சொன்னது சரி. என் வலது கையை நான் அவ்வளவு கவனமாக அதற்கு முன் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடும்போதும் சாப்பிடும்போதும் விபூதி எடுக்கும்போதும் விரல்கள் கூடித்தான் வேலை செய்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பென்சிலைச் செருகிக்கொண்டு பேப்பர் படித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் தட்டினேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு கன்னடக்காரர், கை நடுக்கத்துக்கு ஒரு நல்ல டாக்டரின் பெயரைச் சொன்னார்.

இடது கையால் கம்பிகளை அழுத்திக்கொண்டு, வலது கையின் மூன்று விரல்களும் தனித்தனியாக நடந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டைவிரல் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை, அது பாட்டுக்குப் போயிற்று. கீழே பேக்கரியில் ரொட்டி வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்து, சும்மா சந்தோஷமாக இருந்தேன். அது நின்றதும் உடனே இன்னொன்று தோன்றியது: இந்தச் சந்தோஷம் என் மகளுக்குத் தினமும் இருந்திருக்கிறது.

எட்டு மாதம் கழித்து, மகளின் மெட்டை டீச்சரிடம் முனகிக் காட்டினேன். என் முனகலை வைத்துக்கொண்டு அவர் இரண்டு வாரம் மல்லாடினார். "உங்க தொண்டை ஒரு எடத்துக்குப் போகுது, சுருதி இன்னொரு எடத்துக்குப் போகுது," என்பார். கடைசியில் பிடித்துவிட்டார். மேல் கம்பியிலிருந்து படிப்படியாக இறங்கி, பாதியில் திரும்பி ஏறுகிற மெட்டு. ஏறுகிற இடம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

"இதுக்கு மேல?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு."

"பாதியில நிக்குதே சார்."

"பரவாயில்லம்மா, அதையே கத்துக்குடுங்க."

அதைக் கற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழகுவதற்காக வாங்கிய என் கிடாரை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் பொம்மனஹள்ளிக்குப் போனோம். நான் கற்றுக்கொள்வது மகளுக்குத் தெரியும். ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தாள். மாப்பிள்ளை தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மனைவி உள்ளே போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நான் ஹாலில் மகளை எதிரில் உட்காரச் சொல்லிவிட்டு வாசித்தேன்.

கட்டைவிரல் இரண்டு இடத்தில் நின்றது. ஒரு கம்பி தவறி வேறொன்று பேசிற்று. ஆனால் என்ன மெட்டு என்று அவளுக்கு முதல் நான்கு சுரத்திலேயே தெரிந்துவிட்டது. நான் தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் விரல் தப்பும். ஏறுகிற இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

"எப்படித் தெரியும்? இந்த எடம் வந்ததும் எழுந்து போய் டி.வி.யில நியூஸ் போடுவீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் போலச் சொன்னாள். நான் கிடாரைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று வருடமாக மனதில் எழுதி எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் செய்தது தப்பு, உன் நகத்தை நான் வெட்டியிருக்கக் கூடாது, இரண்டு நாள் பொறுத்திருந்தால் நீ மேடையில் வாசித்திருப்பாய், நீ நிறுத்தியதற்கு நான்தான் காரணம், என்னை மன்னித்துவிடு என்றேன்.

"நகமா?" என்றாள் அவள். "நகம் மூணு வாரத்துல வளந்துடுமேப்பா! நகத்துக்காக யாராவது வாசிக்கறத நிறுத்துவாங்களா?"

"அப்புறம் ஏன் நிறுத்தினே?"

"நெஜமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதை எழுதவே கூசுகிறது, ஆனால் இல்லை. அவள்தான் சொன்னாள்.

பெண் பார்க்க வந்த அன்று, கிடார் கறுப்பு உறையோடு பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இத யாரு வாசிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே என் மகளைப் பார்த்துச் சிரித்தார். மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டு, "அது பக்கத்து வீட்டுக்காரரோடதுங்க. அவங்க வீட்ல வெள்ளையடிக்கறாங்க, அதான் இங்க வெச்சிருக்கார்," என்று சொன்னேனாம்.

"வெள்ளையடிக்கறாங்கன்னு எவ்வளவு சரளமா சொன்னீங்க தெரியுமா? நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

"அதுக்காகவா அவர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தே?"

"பின்னே? பொண்ணு பாத்துட்டுப் போனா, மறுநாள் தெருவுல வந்து விசாரிப்பாங்கல்ல? பக்கத்து வீட்டுல தட்டிக் கேட்டா அவர் என்ன சொல்லுவார்? 'கிடாரா, எனக்கேது?'ன்னு சொல்லுவார். உங்க மானம் போயிடும். அதான் காலையிலயே கொண்டுபோய் அவர் வீட்ல வெச்சு, இது உங்களோடதுதான்னு சொல்லிட்டு வந்தேன்."

பச்சை மையில் 'உண்மை நகல்' என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டவன் நான். நான் சொன்ன ஒரு பொய் உண்மையாக இருக்கட்டும் என்று, இருபத்தோரு வயதுப் பெண் தன் கிடாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் படி ஏறியிருக்கிறாள். சொன்ன மறுநாளே அந்தப் பொய் என் நினைவில் நிற்கவில்லை. அது கோபம் என்று நினைத்து முப்பது வருடம் இருந்திருக்கிறேன்.

"கல்யாணத்துக்கு அப்புறமாவது மாப்பிள்ளகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. மறுபடி வாசிச்சிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? எங்கப்பா மொத நாளே உங்ககிட்ட பொய் சொன்னார்னா? எங்க மாமியார் நல்லா இருந்த வரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், நம்ம சம்பந்தி ரொம்ப சத்யவந்தரு, ஒரு வார்த்தை மாத்திப் பேசமாட்டார்னு சொல்லிட்டிருப்பாங்க. அதுல போய் நான் என்னத்த சொல்ல?"

அவள் மாமியார் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவரிடம் இனி நான் எதையும் திருத்திச் சொல்ல முடியாது.

மனைவி வெங்காயக் கத்தியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீயும் அன்னிக்குக் கேட்டியா?" என்றேன்.

"கேக்காம? பக்கத்துலதான நின்னேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க சொன்னதுக்கு மேல அப்பல்லாம் நம்ம வீட்ல யார் பேசினா?" என்றாள். பிறகு அவளுக்கே உரிய முறையில் ஒன்று சேர்த்துக்கொண்டாள்: "காலையில வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்டினா, சாயங்காலம் வாயில வேற என்ன வரும்?"

மாப்பிள்ளை தயிரோடு உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது.

"மாப்பிள்ள, உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் முகம் மாறிவிட்டது. "என்ன மாமா, டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உங்கம்மாகிட்ட நான் ஒரு பொய் சொன்னேன். அந்தக் கிடார் பக்கத்து வீட்டுக்காரரோடது இல்ல, இவளோடது. இவ நல்லா வாசிப்பா. உங்க வீட்ல என்ன நினைப்பாங்களோன்னு பயந்து மறைச்சுட்டேன்."

தயிர்ப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் உட்கார்ந்தார். "அந்தக் கிடார் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மாமா," என்றார். "பொண்ண நிமிந்து பாக்க வெக்கமா இருந்துது. முக்கால்வாசி நேரம் அதத்தான் பாத்துட்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அடுத்த வீட்டுக்காரன் பொருளையே எவ்வளவு பத்திரமா வெச்சிருக்காங்க பாரு, நல்ல குடும்பம்டான்னாங்க."

மகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவளிடம் திரும்பி, "நீ சொல்லியிருக்கலாமே," என்றார். "எங்கம்மா ஆசையாத்தான் கேட்டாங்க. அவங்க சின்ன வயசுல வீணை கத்துக்கிட்டவங்க."

அதைக் கேட்டதும் மகளின் சிரிப்பும் நின்றுவிட்டது. அவர், "எனக்குக் கொஞ்சம் கோவமாத்தான் இருக்கு மாமா. யார் மேலன்னு தெரியல. சாப்பிட்டா சரியாயிடும்," என்று சொல்லிவிட்டுத் தயிரை உள்ளே கொண்டுபோனார். சாப்பிடும்போது அவர் அதிகம் பேசவில்லை. ஆனால் எனக்கு இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றியது அவர்தான்.

சாப்பிட்ட பிறகு மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "மன்னிக்கறதெல்லாம் பெரிய வார்த்தைப்பா. கோவம் இருந்துது. ரொம்ப வருஷம் இருந்துது. அப்புறம் எங்க போச்சுன்னு தெரியல. இன்னிக்கு நீங்க அவர்கிட்ட எழுந்து நின்னு சொன்னீங்க பாருங்க, அது போதும்." நான் நகத்துக்காக மூன்று வருடம் உழைத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நிமிடம்தான். இருந்தாலும் அந்த மூன்று வருடம் வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்த மெட்டோடு போயிருக்காவிட்டால் அவள் இதைச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

நாங்கள் புறப்படும்போது ஆட்டோ வந்து நின்றது. கிடாரைத் தோளில் மாட்டப் போனேன்.

"அத வெச்சுட்டுப் போங்கப்பா," என்றாள்.

"எப்ப திருப்பித் தருவே?"

"பாக்கலாம்."

இதுவரை திருப்பித் தரவில்லை. நான் வாரத்தில் இரண்டு நாள் விவேக் நகருக்குப் போய், டீச்சரின் பழைய கிடாரில் வாசித்துவிட்டு வருகிறேன். இப்போது வேறு சின்னப் பாட்டுகள் கற்றுக்கொள்கிறேன். யாருக்காகவும் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளிக்குப் போயிருந்தேன். அவரைக்காய் மலிந்து கிடக்கிற சமயம். மாப்பிள்ளை ஒரு பெரிய பாத்திரத்தில் ஊறவைத்த கொட்டைகளைத் தோல் நீக்கப் பிதுக்கிக்கொண்டிருந்தார். மகள் ஹாலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவை தவறவிட்டாள்.

"அப்பா, நீங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்தா எனக்குத் தப்பு வருது. உள்ள போங்க."

உள்ளே போய் மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து நானும் பிதுக்க ஆரம்பித்தேன். வெளியே மெட்டு இறங்கிற்று, திரும்பி ஏறிற்று, எனக்குத் தெரிந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. அதன் மிச்சம் அவளுக்கும் முழுதாக ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லையாம். அதனால் புதிதாக எதையாவது போட்டுப் பார்க்கிறாள். முதலில் ஒரு விதமாக முடித்தாள். கொஞ்சம் நிறுத்தி, வேறு விதமாக முடித்தாள்.

"மொதல்ல போட்டதுதான் நல்லா இருக்கு!" என்று மாப்பிள்ளை இங்கிருந்து கத்தினார்.

"உங்கள யாரும் கேக்கல!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

அவர் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மாமா, எது நல்லா இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. ஆனால் சொல்லவில்லை. அவளே முடிவு செய்யட்டும் என்று கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன்.